இன்னும் ஒரு போல்ட்

ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் யுவனேஸ்வரி உடைகூட மாற்றவில்லை. கார் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அன்று காலையில் அவள் கணவன் தர்மாவின் கழுத்தில் ஊசியை இறக்கி, அங்கே கொஞ்ச நாளாகத் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து சோதனைக்குச் சிறிது சதை எடுத்திருந்தார்கள். முடிவு வர இரண்டு வாரமாவது ஆகும் என்றார்கள். திரும்பி வரும்போது சிம்பாங் பூலாய் மலைப்பாதையில், நீண்ட வளைவு ஒன்றில், காரின் பின்பக்கம் தானாக ஒருமுறை அசைந்தது. அவள் வேகமாகக்கூடப் போகவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்து லேசாக ஒதுக்கிவிட்டது போல இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த தர்மா விழித்து, கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

பழைய நீல நிற சுபாரு கார் அது; தோட்டத்தில் காரைக் காடி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. ஈப்போவில் அவ்வப்போது நடக்கும் ஜிம்கானா போட்டிகளில், திடலில் வரிசையாக வைத்த கூம்புகளைச் சுற்றி அந்தக் காரை அவள் திருப்பி எடுக்கும்போது ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு ஃபிட்டர் வேலை. இலையை வாட்டும் காற்றாடி, உருட்டும் மிஷின், உலர்த்தும் அடுப்பு என்று எது நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தர்மா அதே தோட்டத்தில் வெளிவேலைக் கிராணி. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டு, ஆட்களை மலைக்கு அனுப்புவது அவன் வேலை. இருவரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால் வீட்டுக்குள் வா போ என்றுதான் பேச்சு. வெளியாட்கள் முன்னால் மட்டும் அவள் 'அவரு' என்பாள்.

தர்மா குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். பின்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தன. அவள் காருக்கு அடியில் கிடந்தாள்.

"மழ வரப்போவுது யுவா. நாளைக்குப் பாக்கலாம்ல."

"நாளைக்கு பெக்டரி இருக்கு."

"அப்பறம் ஞாயித்துக்கெழம பாரு. என்ன அவசரம்?"

"இந்தக் காடிலதான திரும்ப ஈப்போ போவணும்? பின்னால ஆடுது. ஒனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது."

அவள் ஒரு கடப்பாரையை நுழைத்து நெம்பிக் காட்டினாள். பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கைகளின் முனைகளில் தடித்த ரப்பர் வளையங்கள் உண்டு. புஷ் என்பார்கள். இரும்போடு இரும்பு முட்டாமலும், சக்கரம் தன் இடத்தைவிட்டு நகராமலும் பார்த்துக்கொள்வது அதுதான். அந்த ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. நெம்பியதும் மொத்தக் கையும் கொடகொடவென்று ஆடியது. சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டும் சரியில்லை. இணைப்பை மூடியிருந்த உறை கிழிந்து, உள்ளேயிருந்த கிரீஸ் எல்லாம் சக்கரத்தின் உட்புறம் சிதறிக் கிடந்தது. அந்த இடத்தில் ரோட்டு மணல் புகுந்திருந்தது. தேயும் சத்தத்தை அவள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த போட்டிக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

மாற்ற வேண்டிய சாமான் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. ஈப்போவில் பழைய ஜப்பான் கார்களைப் பிரித்து விற்கும் கடையில் எடுத்த நல்ல டிரைவ் ஷாஃப்ட் ஒரு ஜோடி கோணிக்குள் கிடந்தது. போட்டி ஓட்டும் சிநேகிதி ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய புஷ்களும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ரப்பர் இல்லை அவை. சிவப்பாக, கட்டை போலக் கெட்டியாக இருக்கும். அதைப் போட்டால் பின்பக்கம் ஒரு நூல்கூட நகராது.

"சரி, செய்" என்றான் தர்மா. "சாப்ட்டுட்டுச் செய்."

அவள் சாப்பிட வந்தாள். பாதித் தட்டில் எழுந்துபோய் வலதுபக்க நட்டுக்கு எண்ணெய் தெளித்துவிட்டு வந்தாள். மீதியைச் சாப்பிட்டாளா என்று தர்மா கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான் ஓடியது. தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நேராகக் கொட்டகை. மத்தியானமானால் மழை பிடித்துக்கொள்ளும். தகரக் கூரையில் விழும் சத்தத்துக்கு மேலாகச் சுத்தியல் சத்தம் கேட்கும். வலதுபக்கம் ஒழுங்காகக் கழன்று வந்தது. இடதுபக்கத்தில் ஒரு போல்ட் அவளைப் படாதபாடு படுத்தியது. கையளவுக்கு மேல் நீளமான போல்ட். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்குக் குறுக்காகப் போய், இரண்டு இரும்புக் கைகளையும் சேர்த்துப் பிடிப்பது. வருஷக்கணக்கில் மலைமழையில் நனைந்து, புஷ்ஷின் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தாள். நெருப்பு காட்டிப் பார்த்தாள். மரை கெடாமலிருக்க நட்டை நுனியில் திருகி வைத்து அதன்மேல் அடித்துப் பார்த்தாள். போல்ட் அசையவே இல்லை. உள்ளங்கையில் மட்டும் கொப்புளம் போட்டது.

தொழிற்சாலையிலும் அவளால் நிற்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை ஒருமுறைக்கு இரண்டுமுறை நிறுத்திப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்த மாதிரி இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிருக்காது.

தர்மா எப்போதும் போலத்தான் இருந்தான். விடியலில் எழுந்தான். பெரட்டுக்குப் போனான். வந்து சோறு வைத்தான். கொட்டகைப் படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, புதிதாக வந்த நேப்பாளத்து ஆள் ஒருவன் குளிருக்கு இரண்டு சாக்கைச் சுற்றிக்கொண்டு மலைக்கு வந்த கதையைச் சொன்னான்.

"ஒனக்குக் கவலையே இல்லையா தர்மா?" என்றாள் அவள், காருக்கு அடியிலிருந்து.

"கவலப்பட்டா ரிசல்ட்டு மாறிடுமா லா?"

"அது எனக்கும் தெரியும். நான் கேட்டது வேற."

கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சுத்தியலை எடுத்து இன்னும் பலமாக அடித்தாள்.

கழன்ற இரும்புக் கைகளை ஒரு சாக்கில் கட்டி, தர்மாவின் மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு அவள் கம்போங் ராஜாவுக்குப் போனாள். அங்கே ராதாகிருஷ்ணனின் வொர்க்ஷாப் இருந்தது. காய்கறி லோரிகளைப் பழுதுபார்க்கிற இடம். பழைய புஷ்ஷை அழுத்தித் தள்ளிப் புதியதை உட்காரவைக்கும் பிரஸ் மிஷின் அந்தப் பக்கத்தில் அவரிடம்தான் இருந்தது. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. சிவப்புப் புஷ் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ரேசுக்கு நல்லா இருக்கும் தங்கச்சி. ஆனா ரோட்டுல ஒரு சின்னக் கல்லு ஏறுனாக்கூட முதுகுல தெரியும்."

"தெரியட்டும்ணே. பின்னால ஆடக் கூடாது. கொஞ்சங்கூட ஆடக் கூடாது."

"ஆடாது. அதுக்கு நான் கேரண்டி."

அவர் முதல் இரும்புக் கையை மிஷினில் வைத்துக்கொண்டிருந்தபோதே அவள் கைப்பேசி அடித்தது. ஈப்போ எண். அவள் வெளியே வந்து, டயர்கள் அடுக்கியிருந்த ஓரத்தில் நின்று எடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் மலாயில் பேசினாள். ரிசல்ட் வந்துவிட்டதாம். நாளைக் காலையில் வர முடியுமா என்று கேட்டாள்.

"என்ன ரிசல்ட்டுன்னு சொல்ல முடியுமா?" என்று யுவனேஸ்வரியும் மலாயில் கேட்டாள்.

"டாக்டர் நேர்ல பேசுவாங்க, புவான். நீங்களும் கூட வந்தா நல்லது."

அவள் டயர்களின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நல்ல செய்தியாக இருந்தால் இத்தனை சீக்கிரம் கூப்பிடமாட்டார்கள். 'நீங்களும் கூட' என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள். உள்ளே போய், மீதியை இன்றைக்கே அழுத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"குடுத்துருவேன். ஆனா அந்தப் பக்கத்து போல்ட்டு வந்துருச்சா?"

"வந்துரும்."

"வரலன்னா?"

அவள் அதற்குள் மோட்டாரைக் கிளப்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். இரும்புக் கைக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் வாள் நுழைய ஒரு சின்ன இடுக்குத்தான் இருந்தது. படுத்த நிலையில் முழங்கையை மட்டும் அசைத்து அறுத்தாள். மழைத்தண்ணீர் கொட்டகைக்குள் ஓடி வந்து முதுகை நனைத்தது. முதல் வாள் பல் மழுங்கியது. இரண்டாவது பாதியில் ஒடிந்து விரலைக் கிழித்தது. அவள் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு ஒடிந்த துண்டையே பிடித்து அறுத்தாள்.

தர்மா வேலை முடிந்து வந்தான். வழியிலேயே அவனுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். குனிந்து பார்த்தான்.

"வெளிய வா யுவா."

"முடிச்சிருவேன்."

"முடியாது. ஒனக்கே தெரியும் முடியாதுன்னு. சுப்பன் மாமா லோரி நாளைக்கு வெள்ளன ஈப்போ மார்க்கெட்டுக்கு எறங்குது. நம்ம ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிட்டேன்."

அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் கறுப்பு, விரலில் ரத்தம்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சொல்லிட்டியா?"

"நீ என்கிட்ட கேட்டா காடியப் பிரிச்ச?"

அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவன் கோபமாகப் பேசியது அதுதான். அவள் ஒடிந்த வாளைக் கீழே வைத்தாள். அவன் உள்ளே போய்ச் சுடுதண்ணீரும் துணியும் கொண்டுவந்து அவள் விரலைக் கழுவிக் கட்டிவிட்டான்.

சுப்பன் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு, விடியும் நேரத்தில் அவர்களையும் ஏற்றிக்கொண்டார். அறுபதை நெருங்கும் மனிதர். தர்மாவின் அப்பாவோடு ஒரு காலத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்தவர். முன்சீட்டில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். எதற்குப் போகிறார்கள் என்று தர்மா அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சும்மா ஒரு செக்கப் என்றான். அவர் லோஜிங் பக்கம் மண் சரிந்ததைப் பற்றியும், தன் மகள் சிங்கப்பூரில் பூனை வளர்ப்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவு வரும்போதும் யுவனேஸ்வரியின் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது.

"என்னம்மா," என்றார் சுப்பன், "பிரேக்கு என் பக்கம்தான் இருக்கு."

தர்மா சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

ரோடு சில இடங்களில் பெயர்ந்து கிடந்தது. லோரி குழியில் இறங்கும்போதெல்லாம் தர்மாவின் கை தாடைக்குக் கீழே போனது. அதை அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வலிக்கல. குலுங்குச்சுன்னா அங்க ஒன்னு இருக்குன்னு ஞாபகம் வருது. அவ்ளோதான்."

டாக்டர் இளம் வயதுப் பெண். மேசையில் இருந்த தாளைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துப் பேசினாள். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை. இந்த வகை வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாக ஆகிவிடுகிறார்கள். சுரப்பியை முழுதாக எடுக்க வேண்டும். பிறகு ஒருமுறை ஒரு மருந்து குடிக்க வேண்டியிருக்கும். அதோடு வாழ்நாள் முழுக்கத் தினமும் ஒரு மாத்திரை. அறுவை சிகிச்சைக்குத் தேதியும் சொன்னாள். மாதக் கடைசி.

யுவனேஸ்வரி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். எவ்வளவு பெரியது, எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது, எடுக்கும்போது எது எதைத் தொடுவீர்கள், பிறகு எத்தனை தடவை வரவேண்டும் என்று. டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்தும் காட்டினாள். தர்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"குரல் போயிடுமா டாக்டர்?"

குரலுக்கான நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது என்றாள் அவள். கவனமாகச் செய்வோம். கொஞ்ச நாள் கரகரப்பாக இருக்கலாம். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். 'பெரும்பாலும்' என்று சொல்லும்போது தர்மா தலையை ஆட்டினான், பெரட்டில் ஆள் வந்துவிட்டதாகக் குறித்துக்கொள்வது போல.

சுப்பனின் லோரி கிளம்ப மத்தியானம் ஆகும். அதுவரை ஓரிடத்தில் உட்கார யுவனேஸ்வரியால் முடியவில்லை. ஈப்போ வெயிலில் விறுவிறுவென்று நடந்தாள். தர்மா பின்னாலேயே வந்தான். எங்கே போகிறோம் என்று இரண்டு தெரு தாண்டித்தான் கேட்டான். அவள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை முன்னால் நின்றாள்.

"இப்பவா யுவா? இன்னைக்கா?"

"அஞ்சு நிமிசம்."

அவன் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்தான். அவன் கிளாஸ் காலியாகி வெகு நேரம் கழித்து அவள் ஒரு பையோடு வந்தாள். அதில் கறுப்பு ரப்பர் புஷ்கள் இருந்தன. காரோடு கம்பெனியில் வருகிற சாதாரணப் புஷ்.

"செவப்பு என்னாச்சு?"

"வேணாம்."

அவன் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ராதாகிருஷ்ணனிடம் போனபோது எல்லாச் சிவப்புப் புஷ்களையும் அழகாக உட்காரவைத்து, இரும்புக் கைகளைத் துடைத்து, மேசைமேல் அடுக்கியிருந்தார். அவள் பையை நீட்டினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அதத் தள்ளிட்டு இதப் போடணும்."

"புதுசும்மா அது. வெளிய தள்ளுனா ஒன்னுரெண்டு கெட்டுப்போயிரும்."

"போவட்டும்."

"அன்னைக்கு ஆடவே கூடாதுன்ன."

"அவருக்கு ஆபரேசன் அண்ணே. கழுத்துல. அடிக்கடி ஈப்போ போயிட்டு வரணும்."

ராதாகிருஷ்ணன் அவளையே பார்த்தார். பிறகு முதல் இரும்புக் கையை எடுத்து மிஷினில் வைத்தார். சிவப்புப் புஷ் முனகிக்கொண்டு வெளியே வந்து தரையில் விழுந்து உருண்டது. மீதியையும் ஒவ்வொன்றாக முடித்தார். அவள் கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம கிரைண்டர் எடுத்துட்டு வர்றேன். அந்த போல்ட்ட ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்றார்.

சொன்னபடி வந்தார். கொட்டகையில் தீப்பொறி பறந்தது. அவள் தண்ணீர் நனைத்த சாக்கைப் பெட்ரோல் தொட்டிப் பக்கம் பிடித்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டைத் தள்ளும் வேலை மட்டும் மிச்சம் இருந்தபோது அவர் சுத்தியலை அவளிடமே கொடுத்தார். நான்கைந்து அடி. துருவைக் கொட்டிக்கொண்டு துண்டு மறுபக்கம் வந்து விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இத்தனை பாடுபடுத்தியது விரல் தடிமன்கூட இல்லை. அதைக் குப்பை வாளியில் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கழன்ற இடதுபக்கக் கைகளை வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய் அவற்றிலும் ரப்பர் புஷ்களை அழுத்திக்கொண்டு வந்தார்கள். பழைய டிரைவ் ஷாஃப்ட்டை உருவினாள். இணைப்பை அசைத்ததும் மணல் அரைபடும் சத்தம் வந்தது. மாற்று ஷாஃப்ட்டுகளைப் பள்ளம் பார்த்து நுழைத்தபோது இரண்டும் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தன. இரும்புக் கைகளை மாட்டி, புது போல்ட்டுகளுக்கு நிறையக் கிரீஸ் தடவி, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்தாள். ராதாகிருஷ்ணன் ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மிச்சம் இருந்தது கடைசி இறுக்கல். ரப்பர் புஷ்ஷை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரமே கிழிந்துவிடும். கார் தன் எடையோடு நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அவள் தடித்த பலகைகளை அடுக்கி அதன்மேல் காரைப் பின்னுக்கு ஏற்றி நிறுத்தினாள். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தர்மா, கொஞ்சம் வந்து பின்சீட்டுல உக்காரு."

"எதுக்கு?"

"வெய்ட்டுக்கு. நீதான போகப்போற. ஒன் வெய்ட்டோட டைட் பண்ணா சரியா இருக்கும்."

அவன் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவள் அடியில் புகுந்து முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தாள். தலைக்குமேல் காரின் தரை இருந்தது. அதற்கு மேலே அவன் இருந்தான். அவன் அசையும்போது ஸ்பிரிங் லேசாக இறங்கி ஏறுவது தெரிந்தது.

"கேக்குதா?" என்றான் அவன்.

"கேக்குது."

முதல் நட்டு இறுகியது. இரண்டாவதுக்குப் போனாள். மழை நின்றிருந்தது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கேட்டியே," என்றான் தர்மா, "கவலையே இல்லையான்னு."

அவள் ஸ்பேனரை மெதுவாகத் திருப்பினாள்.

"பெரட்டுல பேரு கூப்புடும்போது திடீர்னு தோணும். குரல் போயிருச்சுன்னா என்ன பண்றது. ஆபீசுல ஒக்கார வச்சிருவானுங்க. அதுக்கப்பறம் தோணும், குரல் மட்டும் போனா பரவால்லயேன்னு."

ஸ்பேனர் நின்றது.

"ராத்திரில நீ தூங்குறன்னு நெனச்சுக்குவேன். நீ தூங்கலன்னும் தெரியும். சொன்னா நீ இன்னும் வேகமா ஓடுவ. இப்பவே காடிய மொத்தமாக் கழட்டிப் போட்டுட்ட. நான் வேற சொன்னா பெக்டரியக் கழட்டிருப்ப."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கிரீஸ் கையால் துடைக்க முடியாமல் அப்படியே விட்டாள்.

"பயமா இருக்கு யுவா."

"எனக்கும்தான்."

"நீ பயந்து நான் பாத்ததே இல்ல."

"இப்பத்தான் பாத்துட்டிருந்தியே. இந்த வாரம் பூரா."

அவள் மூன்றாவது நட்டை இறுக்கினாள். நான்காவதையும் இறுக்கினாள். அந்தப் பக்கம் போய் அங்கிருந்தவற்றையும் இறுக்கினாள். அவன் மெதுவாக மற்றதெல்லாம் பேசினான். ஆபரேசன் அன்றைக்கு யாரை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைப்பது, அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, டாக்டர் வரைந்து காட்டிய படத்தில் கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்தது என்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"முடிஞ்சிருச்சா? எறங்கவா?" என்றான்.

எல்லாம் முடிந்திருந்தது. அவள் ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இல்ல," என்றாள். "இன்னும் ஒரு போல்ட்டு இருக்கு. நீ பேசு."

மாதக் கடைசியில் ஆபரேசன் நடந்தது. சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். பக்கத்தில் பரவவில்லை என்று டாக்டர் சொன்னாள். தர்மாவின் கழுத்தில் ஒரு சின்ன மாலை போலத் தையல் இருந்தது. குரல் மூச்சுக்காற்று அளவுக்குத்தான் வந்தது. ஒரு மாதத்தில் சரியாகலாம், இரண்டு மாதமும் ஆகலாம், பார்ப்போம் என்றார்கள்.

அவனை அழைத்துக்கொண்டு திரும்பிய நாளில் மலைப்பாதையில் ஓரிடத்தில் மண் வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் வண்டிகளை விட்டார்கள். மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒருவன் 'நில்' பலகையைப் பிடித்து நின்றான். முன்னால் நீண்ட லோரி வரிசை. யுவனேஸ்வரி இன்ஜினை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளே கைவிட்டுத் துழாவினாள். கிரீஸ் கசியாமல் காய்ந்திருந்தது. நட்டில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். மறுபக்கமும் போய்ப் பார்த்தாள். மறுபடி முன்னால் நடந்தாள்.

கண்ணாடி இறங்கியது. தர்மா வாயைத் திறந்து ஏதோ சொன்னான். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து குனிந்தாள்.

"உள்ள வந்து உக்காரு," என்றான் மூச்சாக. "குளிருது."

அவள் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவன் பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை மூடியில் ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தான். வெள்ளைப் பனி கண்ணாடிக்கு முன்னால் இறங்கி, லோரிகளின் சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாக மறைத்தது. அவள் கஞ்சியைக் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். முன்லோரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. கொஞ்சம் இடைவெளி விழட்டும் என்று விட்டுவிட்டு அவள் காரை மெதுவாக எடுத்தாள்.